கல்யாணச் சாப்பாட்டின் மேல் பழியைப் போடாதீர்கள்

கேள்வி: என் அப்பச்சிக்கு வயது 66. நுரையீரல் புற்றுநோய். மதுரையில் பெம்ப்ரோலிசுமாப் என்ற ஊசியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள். நான்கு முறை முடிந்திருக்கிறது. இருமல் குறைந்து, கட்டியும் சுருங்கியிருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள். கடைசி ஊசிக்குப் பிறகு கோட்டையூரில் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தோம். மறுநாளிலிருந்து அவருக்கு வயிற்றுப்போக்கு. எப்போதும் காலையில் ஒரு முறை போகிறவர், ஆறு நாளாக ஆறு முறை போகிறார். இரவில் இரண்டு முறை எழுகிறார். ரத்தம் இல்லை, சளிபோல வருகிறது. உடன் சாப்பிட்ட எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையில் ஒரு நாள் நின்று மறுபடி தொடங்கிவிட்டது. ஆத்தா மாதுளை ஓட்டுக் கஷாயம் கொடுக்கிறார். அப்பச்சியோ, "மதுரை டாக்டரிடம் சொல்லிவிடாதே, ஊசியை நிறுத்திவிடுவார்" என்கிறார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். அடுத்த ஊசிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. அதுவரை பத்தியச் சாப்பாடு கொடுத்துப் பார்க்கலாமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

பார்க்கக் கூடாது. மதுரை மருத்துவருக்கு இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே இதை மட்டும் இரண்டு வரியில் உங்களுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். இங்கே விரிவாக எழுதக் காரணம், இதே ஊசியை ஏற்றிக்கொண்டு, இதே பயத்தில், கழிவறைக்குப் போகும் கணக்கை மறைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. காரைக்குடியில் என்னிடம் வருகிறவர்களிலேயே பார்க்கிறேன்.

முதலில் அந்தக் கல்யாணச் சாப்பாட்டை விடுவித்துவிடலாம். ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே இலைச் சாப்பாடு சாப்பிட்ட உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பாட்டால் வரும் போக்கு பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆறு நாள் நீடிப்பதும், சளி கலந்து வருவதும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தூங்குகிற மனிதரை எழுப்பிவிடுவதும் குடலின் உட்சுவர் புண்பட்டு வீங்கியிருப்பதற்கான அடையாளங்கள். என்னிடம் வரும் எந்த வயிற்றுப்போக்கு நோயாளியிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரி எழுந்து போகிறீர்களா?" என்பதுதான்.

உங்கள் அப்பச்சிக்கு ஏற்றுவது கீமோ மருந்து அல்ல; இம்யூனோதெரபி எனப்படும் நோயெதிர்ப்புச் சிகிச்சை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதித் தவறு தொடங்குகிறது. கீமோ மருந்து புற்றணுக்களைத் தானே போய்க் கொல்லும். இந்த ஊசி எந்த அணுவையும் கொல்வதில்லை. நம் உடம்பில் டி-அணுக்கள் என்ற காவல் அணுக்கள் இருக்கின்றன. அவை கண்மூடித்தனமாகத் தாக்கிவிடாதபடி உடம்பே அவற்றுக்கு மூக்கணாங்கயிறு போட்டு வைத்திருக்கிறது. பிடி-1 என்பது அப்படி ஒரு கயிறு, சிடிஎல்ஏ-4 இன்னொன்று. புற்றுநோய்க் கட்டி தந்திரமாக அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்துக் காவல் அணுவை நிற்க வைத்துவிடுகிறது. பெம்ப்ரோலிசுமாப் அந்தப் பிடியை விடுவிக்கிறது. இந்தக் கயிறுகளைத் தளர்த்தினால் புற்றுநோயை அடக்கலாம் என்று காட்டியதற்காகத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சிறாவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்தவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. கயிறு அவிழ்ந்த காளை, அது எவருடைய பொட்டல் என்று கேட்டுக்கொண்டு ஓடாது. கட்டியை நோக்கிப் பாய வேண்டிய காவல் அணுக்கள் சில சமயம் தோல், தைராய்டு, கல்லீரல், நுரையீரல், குடல் ஆகியவற்றின் மீதும் பாய்ந்துவிடுகின்றன. குடலில் எப்போதுமே காவல் அணுக்கள் கூட்டமாக இருக்கும். கோடிக்கணக்கான நுண்ணுயிரிகளோடு அன்றாடம் சமாதானமாக வாழ வேண்டிய இடம் அது. அந்தச் சமாதானமே கயிற்றை நம்பித்தான் இருக்கிறது. கயிறு தளர்ந்தால் பெருங்குடலில் அழற்சி எனப்படும் அந்த வீக்கம் வருவது இதனால்தான்.

எல்லோருக்கும் இது வருவதில்லை. பிடி-1 வகை ஊசியை மட்டும் எடுப்பவர்களில் நூற்றுக்குச் சிலருக்குத்தான் வருகிறது. இபிலிமுமாப் போன்ற சிடிஎல்ஏ-4 வகையில் கூடுதலாகவும், இரண்டையும் சேர்த்து ஏற்றும்போது இன்னும் கூடுதலாகவும் வருகிறது. பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தலைகாட்டும். ஊசியை நிறுத்திப் பல மாதம் ஆன பிறகு வந்தவர்களும் உண்டு. ஆகவே "ஊசி போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டதே, இப்போது எப்படி அதனால் வரும்?" என்று யாராவது கேட்டால் குழம்ப வேண்டாம். இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே மூன்று வாரம் ஆகும். அடுத்த ஊசிக்குச் சொல்லாமல் போகாமல் இருந்துவிடுவதும் இதற்குத் தீர்வாகாது என்பது இதிலேயே விளங்கும்.

இப்போது அப்பச்சியின் பயத்துக்கு வருகிறேன். அதை நான் சிறிதும் குறைவாக எடைபோடவில்லை. ஒரு ஊசிக்கே லட்சக்கணக்கில் செலவாகிறது. அதைவிடப் பெரிது, மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறும் நாள் திரும்பி வந்திருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லி இழந்துவிடுவோமோ என்று ஒரு மனிதர் நினைப்பது மிக நியாயமானது. ஆனால் அவர் கணக்கு தலைகீழாக இருக்கிறது. சொன்னால் ஊசி தள்ளிப்போகும். சொல்லாவிட்டால்தான் ஊசி ஒரேயடியாகக் கைவிட்டுப் போகும்.

இந்த அழற்சியை மருத்துவர்கள் எண்ணிக்கையால் தரம் பிரிக்கிறார்கள். வழக்கத்தைவிட நான்குக்கும் குறைவாகக் கூடியிருந்தால் முதல் படி. நான்கு முதல் ஆறு வரை கூடியிருந்தால் இரண்டாம் படி. ஏழோ அதற்கு மேலோ கூடினாலும், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய நிலை வந்தாலும் மூன்றாம் படி. உயிருக்கே ஆபத்து என்றால் நான்காம் படி. ஒரு முறை போகிறவர் ஆறு முறை போகிறார் என்றால் கூடியது ஐந்து. உங்கள் அப்பச்சி இரண்டாம் படியில் நிற்கிறார். இந்தப் படியில் சிகிச்சையைத் தொடங்கினால் பெரும்பாலோர் மாத்திரையிலேயே தேறுகிறார்கள். பிடி-1 ஊசியைப் பொறுத்தவரை, அழற்சி நன்றாக அடங்கி, அதை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தின் அளவும் குறைந்த பிறகு பலருக்கு அதே ஊசியை மறுபடி தொடங்க முடிகிறது. தொடங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அழற்சி திரும்பி வரலாம். அதை எதிர்பார்த்துக் கண்காணிப்பார்கள். நான்காம் படிக்குப் போய்விட்டால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆச்சியை என்னிடம் அழைத்து வந்தார்கள். மூன்று வாரம் வீட்டிலேயே மறைத்திருந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ஏற்றும் ஊசி. அதை வீணாக்கிவிட்டோம் என்று பெயர் வந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தினமும் ஆறேழு போட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் வந்தபோது வயிறு பலகைபோல இருந்தது. பெருங்குடல் துளைபட்டிருந்தது. அறுவை சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த ஊசி மட்டும் அதற்குப் பிறகு அவருக்குக் கிடைக்கவில்லை. முதல் வாரத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. உங்கள் அப்பச்சியிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

மருந்துக்கடை மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒன்று லோபரமைடு, இன்னொன்று கிருமிக்கொல்லி (ஆன்டிபயாடிக்). லோபரமைடு குடலின் அசைவைக் கட்டிப்போடும், அழற்சியைத் தொடாது. ஒரு நாள் நின்று மறுபடி வந்ததற்குக் காரணம் அதுதான். எண்ணிக்கை குறைந்ததுபோலத் தோன்றி உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே போகும். மருத்துவர் பார்த்து முடிவு செய்யும் வரை அதைக் கொடுக்காதீர்கள். கிருமிக்கொல்லியைக் கிருமி இருக்கிறதா என்று தெரியாமல் கொடுத்தால், சில சமயம் அதனாலேயே குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற இன்னொரு கிருமி குடலில் பெருகி நிலைமையைக் கெடுக்கும். உடல் வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் இப்போது வேண்டாம். மாதுளை ஓட்டுக் கஷாயத்தை ஆத்தா எவ்வளவு அன்போடு காய்ச்சுகிறார் என்பது எனக்குத் தெரியும். சாதாரணப் போக்குக்கு நம் வீடுகளில் காலங்காலமாகக் கொடுத்து வருவதுதான். ஆனால் இது துவர்ப்பால் கட்டுப்படும் நோயல்ல. நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு உரிமையில்லை. இந்த ஊசிகள் நம் பக்கம் வரத் தொடங்கிய புதிதில், "கேன்சர் ஊசி போடுகிறார்கள்" என்று சொல்லி வந்த ஒரு பெரியவருக்கு நானே நான்கு நாள் கிருமிக்கொல்லி கொடுத்தேன். எந்த ஊசி என்று ஐந்தாம் நாள்தான் கேட்டேன். அன்றிலிருந்து இந்தச் சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஊசியின் பெயர், முதல் ஊசி போட்ட தேதி, கடைசி ஊசி போட்ட தேதி, மருத்துவரின் தொலைபேசி எண். சட்டைப்பையில் ஒன்று, வீட்டில் மருந்துப் பெட்டியில் ஒன்று. கண் மருத்துவரிடம் போனாலும் பல் மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்தச் சீட்டை நீட்ட வேண்டும். ஊசி முடிந்து ஓராண்டு ஆனாலும் அந்தச் சீட்டைத் தூக்கி எறியக் கூடாது.

மதுரையில் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் அப்பச்சிக்கு நடுக்கம் குறையும். முதலில் மலப் பரிசோதனை. அமீபா, டைஃபாய்டு வகைக் கிருமிகள், குளோஸ்ட்ரிடியம் எல்லாவற்றையும் தேடுவார்கள். இந்த ஊசி எடுப்பவருக்குச் சாதாரணத் தொற்றும் வரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கால்ப்ரொடெக்டின் என்ற பரிசோதனை குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். ரத்தத்தில் உப்புச் சத்து, சிறுநீரக வேலை, தைராய்டு பார்ப்பார்கள். பிறகு தேவைப்பட்டால் சிறிய குழாய்க் கேமராவால் பெருங்குடலின் இடப்பக்கத்தைப் பார்த்துச் சிறு துணுக்குத் திசு எடுப்பார்கள். பெரும்பாலோருக்கு இடப்பக்கத்தைப் பார்த்தாலே போதும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் குடலிலும் நுண்ணோக்கியில் அழற்சி தெரிவதுண்டு, அதனால் "எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குத் திசு?" என்று தடுக்காதீர்கள்.

சிகிச்சை ஸ்டீராய்டு. இரண்டாம் படியில் பிரெட்னிசோலோன் மாத்திரை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவை ஒட்டித் தொடங்குவார்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் முகம் மாறிவிடும். "ஸ்டீராய்டு கொடுத்தால் புற்றுநோய் ஊசியின் பலன் போய்விடாதா?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். பக்கவிளைவை அடக்க ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்களிலும் கட்டி கட்டுக்குள் தொடர்ந்தவர்கள் ஏராளம். அழற்சியை அடக்காமல் விடுவதால் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இதில் தயங்க இடமே இல்லை.

தயங்க வேண்டியது வேறு இடத்தில். மூன்றாம் நாளே போக்கு நின்றுவிட்டது என்று ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நான்கு முதல் ஆறு வாரம் வரை படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அவசரப்பட்டால் அழற்சி முன்னைவிட வேகமாகத் திரும்பும்; உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டும் இல்லாமல் சரிந்துபோகவும் கூடும். அந்த வாரங்களில் சர்க்கரை ஏறும், அதுவும் மதியத்துக்குப் பிறகு நன்றாக ஏறும். காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடையாதீர்கள். சிலருக்குச் சில வாரங்களுக்கு இன்சுலின் தேவைப்படும். எலும்புக்குக் கால்சியமும், நுரையீரல் தொற்றைத் தடுக்கும் மாத்திரை ஒன்றும் சேர்த்துக் கொடுக்கலாம். வயல்காட்டில் வெறுங்காலோடு நடந்து பழகியவர் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மண்ணிலிருந்து பாதம் வழியாக ஏறும் ஒரு வகைக் குடற்புழு பல ஆண்டு சும்மா இருந்துவிட்டு, ஸ்டீராய்டு கொடுத்ததும் உடம்பெங்கும் பரவக்கூடும். முன்பே தெரிந்தால் எளிய புழு மருந்தில் முடிந்துவிடும்.

மூன்று முதல் ஐந்து நாளில் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாவிட்டால் அடுத்த மருந்துகள் இருக்கின்றன. இன்ஃப்ளிக்சிமாப், வெடோலிசுமாப் என்ற இரண்டும் பெருங்குடல் அழற்சி நோயாளிகளுக்கு நாங்கள் பல ஆண்டுகளாகக் கொடுத்துப் பழகியவை. இன்ஃப்ளிக்சிமாப் கொடுப்பதற்கு முன் காசநோயும் மஞ்சள் காமாலை பி வைரஸும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நம் நாட்டில் இதை விட்டுவிட முடியாது. குடும்பத்தில் யாருக்காவது எப்போதோ காசநோய் இருந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

அவர் ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதுவும் கவலையாக இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவராக இருந்தால், அதுவே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது மெட்ஃபார்மினும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும், நீர் பிரியும் மாத்திரைகளும் சிறுநீரகத்துக்குச் சுமை. தொலைபேசியில் பேசும்போதே மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்து, எதை நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சாப்பாடு. நம் ஆத்தாமார்களுக்கு உடல்நலம் என்றால் அடுப்படிதான். அதனால் ஆத்தாவுக்கு ஒரு வேலை கொடுத்தே ஆக வேண்டும். குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி உப்புப் போட்டு, இட்லி, இடியாப்பம், தோல் சீவி மசித்த உருளைக்கிழங்கு, கேரட், வாழைப்பழம், வேகவைத்த முட்டை. கவுனி அரிசி சத்து என்று நினைத்துப் பொங்கிவிடாதீர்கள். அதன் தவிட்டுநார் இப்போது குடலை உரசும். கும்மாயம், பயறு, கீரை, மிளகுக்குழம்பு, எண்ணெயில் வறுத்த எதுவும் கொஞ்ச நாள் வேண்டாம். பாலை நிறுத்திவிடுங்கள்; நீர்மோர் ஒத்துக்கொண்டால் கொடுக்கலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவில் கரைத்து, ஒவ்வொரு முறை போய்வந்த பிறகும் ஒரு தம்ளர். சர்க்கரை நோயாளிக்கு ஓ.ஆர்.எஸ். கூடாது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அதில் இருக்கும் குளுக்கோஸ்தான் உப்பையும் நீரையும் உள்ளே இழுத்துச் செல்கிறது. இத்தனையும் அவர் தெம்பைக் காக்கும். அழற்சியை ஆற்றாது.

ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வயிறு உப்பி வலித்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, சிறுநீர் குறைந்துபோனாலோ, மதுரைக்குப் போகும் வழியை யோசித்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்து அருகில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நரம்பில் திரவம் ஏற்றிக்கொண்டே மதுரையோடு பேசலாம். புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தாலும் அதே அவசரம்தான். பழைய நோய்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊசி நுரையீரலிலும் அழற்சியை உண்டாக்கும்.

தொலைபேசியை எடுத்ததும் "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எடுப்பவர் வரவேற்பறைப் பணியாளராக இருக்கலாம். இப்படிச் சொல்லுங்கள்: "பெம்ப்ரோலிசுமாப் எடுக்கும் நோயாளி. நான்கு ஊசி முடிந்திருக்கிறது. வழக்கமாக ஒரு முறை போகிறவர் ஆறு நாளாக ஆறு முறை போகிறார். இரவிலும் எழுகிறார். சளி வருகிறது, ரத்தம் இல்லை. இது ஊசியால் வந்த குடல் அழற்சியா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். இன்று எப்போது வரலாம்?" தொடர்பு கிடைக்கவில்லை என்றால் பத்து நிமிடம் கழித்து மறுபடி அழையுங்கள். மாலைவரை யாரும் எடுக்காவிட்டால் முன்பதிவைப் பற்றிக் கவலைப்படாமல் நேரே போய் நில்லுங்கள்.

போகும்போது ஸ்கேன் அறிக்கைகள், மாத்திரைகள் மொத்தமும், சர்க்கரை எழுதும் நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நாளாக எத்தனை முறை என்பதையும் ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும்போது அப்பச்சி "ஏதோ நாலு தடவை" என்று குறைத்துத்தான் சொல்வார். அப்போது அந்தத் தாளை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். தேவகோட்டையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். பஸ்ஸை நம்ப வேண்டாம், நினைத்த இடத்தில் நிறுத்தக்கூடிய காராகப் பிடித்துக்கொள்ளுங்கள். மாற்று வேட்டி இரண்டும், கரைத்த ஓ.ஆர்.எஸ். ஒரு போத்தலும் கூடவே இருக்கட்டும்.